அச்சுக்குக் கீழே ஒரு பிறை

இடது கையின் மூன்று விரல்கள் நீல மெழுகுத் தாளை நகராமல் பிடித்திருந்தன. வலது கையில் மரப்பிடி போட்ட எஃகு எழுதுகோல். அதன் முனை கூராக இல்லாமல், கடுகில் பாதி அளவுக்கு உருண்டையாக இருந்தது. தாளுக்கு அடியில் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் குழல்விளக்கு. நடுவில் வைத்திருந்த பழைய படம் மெழுகின் வழியே மங்கலாகத் தெரிய, எழுதுகோல் அதன்மேல் ஊர்ந்தது. அழுத்தம் குறைந்தால் மை இறங்காது. கூடினால் தாள் கிழியும். வட்டம் என்றால் இன்னும் ஆபத்து. ஒரே சுற்றாகச் சுற்றினால் நடுத்துண்டு காசு மாதிரி கழன்று விழுந்துவிடும். அதனால் அந்தக் கைகள் வட்டத்தை நான்கு கால் பாகங்களாகப் பிரித்துக்கொண்டன. கால்களுக்கு இடையில் மயிரிழை இடைவெளி விட்டால் போதும். சைக்ளோஸ்டைல் மிஷினில் உருளை ஓடும்போது மை பரவி அதை மூடிக்கொள்ளும்.

மூன்றாவது காலில் கைகள் நின்றன. பழைய படத்தில் வட்டத்தின் உச்சி தேய்ந்து போயிருந்தது. கோடு எங்கே வளைகிறது என்று தெரியவில்லை.

பெர்னதெத் எழுதுகோலைக் கீழே வைத்தாள். உச்சிப்புள்ளியைத் தானே கண்டுபிடிக்க வேண்டியதுதான் என்று பென்சிலை எடுத்தாள்.

அல்சூர் ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற கணித விரிவுரையாளர் அனந்தபத்மநாபன் தம் வீட்டிலேயே அஞ்சல்வழிப் பாடசாலை நடத்திவந்தார். தொழிற்சாலைகளில் வேலை பார்த்துக்கொண்டே பொறியியல் தேர்வு எழுதுகிறவர்கள் அவருடைய மாணவர்கள். மாதம் இரண்டு பாடம் தபாலில் போகும். பாடத்தைத் தட்டச்சு செய்வதும், மெழுகுத் தாளில் படம் வெட்டுவதும், வருகிற கடிதங்களுக்குப் பதில் போடுவதும் பெர்னதெத்தின் வேலை. அவளுக்கு இடம், மாடிப்படிக்கு அடியில். சரிந்த கூரை; சட்டென்று நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஜன்னல் கிடையாது. பதினோரு வருடத்தில் அந்த அறைக்குள் எங்கே குனிவது, எங்கே நிமிர்வது என்று அவள் கழுத்து பழகியிருந்தது. தெருவில் நடக்கும்போதும் சில சமயம் தானாகக் குனிந்தது.

கல்லூரியில் அவள் கணிதம் படித்ததில்லை. வந்த புதிதில் கலப்பெண் என்றால் என்னவென்று தெரியாமலே அதன் படங்களை வெட்டினாள். இந்தத் தொழிலில் ஒரே விதி: மூலத்தில் இருப்பதை வெட்டு, கேள்வி கேட்காதே. ஆனால் ஒரு கோடு ஏன் அங்கே வளைகிறது என்று தெரியாமல் வளைப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. பாடங்களைத் திரும்பத் திரும்பப் படித்தாள். நாலைந்து வருடத்தில் விஷயம் பிடிபட்டது. ஒரு தளத்தில் ஒரு வடிவம் இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் ஏதோ ஒரு கணக்குக்கு உட்படுத்தினால், வேறொரு தளத்தில் ஒரு புள்ளி கிடைக்கும். அப்படிக் கிடைத்த புள்ளிகள் எல்லாம் சேர்ந்து வருகிற வடிவம்தான் பிம்பம். மூலைகளை மட்டும் கணக்குப் போட்டு நேர்கோட்டில் சேர்த்துவிட முடியாது. நடுவில் என்ன ஆகிறது என்பதைப் புள்ளி புள்ளியாகப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் ஐந்து புள்ளியாவது சரிபார்க்காமல் அவள் வெட்டியதில்லை.

பதினான்காம் பாடம் அதற்கு முந்தையது. ஏழு வருடம் முன்பு அவள் வெட்டியது. அந்த மெழுகுத் தாள் கிழிந்து போனதால், அச்சான பழைய பக்கத்தையே மூலமாக வைத்து இப்போது மறுபடி வெட்டிக்கொண்டிருந்தாள். தன் கையால் செய்ததுதானே என்று சரிபார்க்கவில்லை.

படம் மூன்று ஒரு பிம்பம். அதற்கு முந்தைய வடிவம் இரண்டாம் படத்தில். கிடையாக ஓடும் இரண்டு கோடுகள், ஒன்று கிடை அச்சிலிருந்து அரை அளவு மேலே, இன்னொன்று ஓர் அளவு மேலே. இரண்டுக்கும் நடுவே இரு பக்கமும் முடிவில்லாமல் ஓடுகிற பட்டை. கணக்கு, ஒன்றைப் பட்டையிலுள்ள ஒவ்வொரு புள்ளியின் எண்ணாலும் வகுப்பது. தொலைவில் இருப்பது பக்கத்தில் வரும், பக்கத்தில் இருப்பது தொலைவுக்குப் போகும். அந்த முடிவில்லாத பட்டை, ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே புள்ளியில் தொடும் இரண்டு வட்டங்களுக்கு நடுவே பிறையாக மடங்கி அடைபட்டுவிடும்.

கலப்பெண்ணில் ஐ என்றால் அச்சுக்கு மேலே, மைனஸ் ஐ என்றால் கீழே. உச்சிக்கு உரிய புள்ளி பாதி ஐ. ஒன்றை அதால் வகுத்தால் மைனஸ் இரண்டு ஐ.

மைனஸ்.

பழைய பக்கத்தில் இருந்த படத்தில் உச்சி மேலே இருந்தது. பிறை முழுவதும் அச்சுக்கு மேலே இருந்தது. அவள் இன்னொரு புள்ளி போட்டாள். விடை, ஒன்று மைனஸ் ஐ. அடுத்தது மைனஸ் ஒன்று மைனஸ் ஐ. எல்லாம் கீழே. ஐந்து புள்ளி போட்டாள், பிறகு பத்து. ஒன்றுகூட மேலே வரவில்லை.

பீரோவின் அடித்தட்டில் பாட மூலங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. பதினான்காவதை எடுத்து அவிழ்த்தாள். சார் கையால் போட்ட பென்சில் படத்தில் பிறை அச்சுக்குக் கீழே சரியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

என்ன நடந்தது என்பது அவளுக்கு உடனே புரிந்தது. வெட்டுகிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை. சார் படத்தை அவள் டிரேசிங் தாளில் எடுத்துக் கண்ணாடியில் வைப்பாள். அந்தத் தாள் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும். எழுத்துகளையும் எண்களையும் கடைசியில் எழுத்துத் துளையிட்ட தகட்டை வைத்துத் தனியாக வெட்டுவதால், தாள் தலைகீழாகக் கிடந்தாலும் காட்டிக்கொடுக்க ஒன்றுமில்லை. இடமும் வலமும் ஒத்த வடிவம் வேறு. அன்றைக்குத் தாளைத் தலைகீழாக வைத்திருக்கிறாள். அதன்மேல் சுத்தமாக, ஒரு நடுக்கம் இல்லாமல் வெட்டியிருக்கிறாள்.

"அக்கா, டபால் பந்துது" என்று கோவிந்தப்பா வாசலில் குனிந்து பையை உள்ளே தள்ளினார். அச்சு மிஷினைச் சுற்றுவதும் தபால் கொண்டுவருவதும் அவர் வேலை. ஐம்பது வயது, அவளைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர், ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "என்னாக்கா, பேய் கண்ட மாதிரி?"

"ஒண்ணுமில்ல கோவிந்தப்பா."

"ஒண்ணுமில்லன்னா விளக்கை ஆஃப் பண்ணுக்கா. முகத்துல கீழேந்து வெளிச்சம் பட்டு நிஜமாவே பேய்தான்."

அவர் போனபின் அவள் கடிதங்களைப் பிரித்தாள். வேறு எதையாவது செய்தால் போதும் என்றிருந்தது. நான்காவது கடிதம் அத்திபெலேயிலிருந்து. வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் சண்முகம் எழுதியிருந்தார். மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு என்று தொடங்கி, நன்றியைத்தான் எழுதியிருந்தார். இரண்டு மாதம் முன்பு அவர் ஒரு சந்தேகம் கேட்டாராம். பதினான்காம் பாடத்தில் தனக்குப் பிறை கீழே வருகிறது, பாடத்தில் மேலே இருக்கிறதே என்று. தாங்கள் அனுப்பிய பதில் அட்டையால் என் பிழை புரிந்தது. அதிலிருந்து வகுக்கும்போது வருகிற மைனஸை எடுத்துவிட்டுப் பிளஸ் போட்டே எல்லாக் கணக்கையும் செய்து பழகிவிட்டேன். ஜூன் ஆறாம் தேதி தேர்வு. எனக்கு இது கடைசி வாய்ப்பு. தங்கள் ஆசி வேண்டும்.

அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

பதில் அட்டை என்பது அந்தப் பாடசாலையின் வழக்கம். ஆறு வாக்கியங்கள் அச்சடித்த அட்டை. எது பொருந்துமோ அதற்கு டிக் போட்டு அனுப்புவாள். நான்காவது வாக்கியம்: பாடத்தில் உள்ளது சரி, உங்கள் கணக்கில் குறியைச் சரிபார்க்கவும். மாணவரின் விடையைப் பாடத்தோடு ஒப்பிட்டு, வேறாக இருந்தால் நான்கு. சண்முகத்துக்கும் நான்கு போட்டது அவள்தான். சரியாகக் கணக்குப் போட்டவரைத் தவறாகப் போட வைத்தது அந்த டிக்.

விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் ஒன்றில் அவளும் தங்கை ஜூடித்தும் இருந்தார்கள். ஜூடித் ஒரு தையல் கம்பெனியில் காலர் தைப்பவள். அன்று சாயங்காலம் அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, கொத்தவரங்காய் கிள்ளுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அது சரி. உனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரிதான். நீ போட்ட கோடு ஒண்ணு சாஞ்சா உலகமே சாஞ்சிடும்னு நெனப்பு உனக்கு."

"சாயல ஜூடி. தலைகீழா இருக்கு."

"புதுசா சரியா வெட்டிடப் போறே இல்ல? முடிஞ்சுது. திங்கட்கிழமை அந்த லெட்டரைக் கொண்டுபோய்க் கொடு. அப்புறம் ஆயிரம் வட்டம் போட்டுக்கோ, தலைகீழா, பக்கவாட்டுல, எப்படி வேணும்னாலும்."

சார் தர வேண்டிய அந்தச் சான்றுக் கடிதத்தைப் பற்றித்தான் வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு. அரசு பாலிடெக்னிக் ஒன்றில் படவரைவுப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். பெரிய மேசை, வடக்குப் பார்த்த ஜன்னல்கள். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். வயது வரம்பு முப்பத்தைந்து. அவளுக்கு முப்பத்தொன்பது. ஆனால் இப்போதைய முதலாளி, இவருடைய வேலை பிழையற்றது என்று சான்று கொடுத்தால் நாற்பது வரை தளர்த்துவார்கள். ஜூலையில் அவளுக்கு நாற்பது முடிகிறது. மே இருபத்து மூன்று, திங்கட்கிழமை, கடைசி நாள். சார் ஒப்புக்கொண்டு வாசகமும் சொல்லிவிட்டார். பதினோரு ஆண்டுகளில் இவர் வெட்டிய படங்களில் ஒரு பிழையும் இருந்ததில்லை. அவளே அதைத் தட்டச்சு செய்து மாடியில் அவர் மேசைமேல் வைத்திருந்தாள். பதினான்காம் பாடத்தை முடித்துக் கொடு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றிருந்தார்.

"அந்த ஆள் கடைசி வாய்ப்புன்னு எழுதியிருக்காரு" என்றாள் பெர்னதெத்.

ஜூடித் காயைக் கீழே வைத்தாள். "உனக்கும் அதான்க்கா" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் மாடி ஏறினாள். அனந்தபத்மநாபன் கூடத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மனைவி இறந்த பின் அவரே செய்துகொள்கிற வேலை. காலரை மட்டும் மூன்று தடவை தேய்ப்பார்.

"வாம்மா. முடிச்சுட்டியா?"

அவள் பழைய பக்கத்தையும் அவருடைய பென்சில் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். உதடு அசைந்தது. பாதி ஐ, மைனஸ் ரெண்டு ஐ. அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"அடப்பாவமே!" என்று சிரித்தார். "ஏழு வருஷமா ஒருத்தனும் கேக்கலையே!"

"கேட்டாங்க சார். நாலாம் நம்பர்ல டிக் போட்டு அனுப்பிச்சுட்டேன்."

சிரிப்பு நின்றது. அவள் சண்முகத்தின் கடிதத்தை நீட்டினாள். படித்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சமன்பாடு சரியாத்தானே டைப் ஆயிருக்கு? அதைப் பார்த்துப் போட்டிருந்தான்னா கீழேதான் வரும்."

"படத்தைத்தான் சார் நம்புவாங்க."

"ஹூம்."

"ஜூன்ல எழுதறவங்க நாப்பத்தி மூணு பேர். ஒரு திருத்தச் சீட்டு அனுப்பிச்சுடலாம் சார். இன்னைக்கு நாளைக்குப் போட்டாப் போய்ச் சேர்ந்துடும். உங்க கையெழுத்து மட்டும் வேணும்."

அவர் கடிதத்தை மடித்து அவளிடமே நீட்டினார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"புதுசா அடிக்கறதைச் சரியா அடிச்சுடு. பழசு போனது போகட்டும். என் கையெழுத்துல சீட்டுப் போனா, தப்பு நான் பண்ணினதா ஆறது. சிவாஜிநகர்ல ஒருத்தன் இதே மாதிரி தபால் பாடம்னு கடை விரிச்சு உக்காந்திருக்கான். அவன் கைக்கு ஒரு சீட்டுக் கிடைச்சாப் போறும், போஸ்டர் அடிச்சு ஒட்டிடுவான்."

"என் பேர்ல போகட்டும் சார். தப்பு என்னுதுதானே."

"போகட்டுமே. நான் தடுக்கலை." அவர் மேசைமேல் இருந்த தட்டச்சுக் கடிதத்தைத் தொட்டார். "ஆனா இதுல என்னன்னு எழுதியிருக்கு? ஒரு பிழையும் இருந்ததில்லைன்னு. உன் பேர் போட்ட சீட்டு நாப்பத்தி மூணு வீட்டுக்குப் போனப்புறம் நான் இதுல எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? நீயே சொல்லு. ரெண்டும் உண்மையா இருக்க முடியாதும்மா."

"அந்த ஒரு வரியை எடுத்துட்டு..."

"அந்த வரி இல்லேன்னா உனக்கு வயசுத் தளர்வு இல்லை. நீதானே விளம்பரத்தைப் படிச்சுக் காட்டினே?"

தப்பு கண்டுபிடிக்க அவர் சொன்னதில் இடமே இல்லை. எந்தப் புள்ளியை எடுத்தாலும் விடை ஒன்றுதான்.

"நான் உன்னைக் கட்டாயப்படுத்தலை" என்று அவர் எழுந்து சட்டையைத் திருப்பிப் போட்டார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யோசி. பேசாம இருந்தியானா கையெழுத்துப் போட்டுக் கவர்ல வெச்சுத் தரேன். உன்னை மாதிரி சுத்தமா வெட்டறவாளை நான் பார்த்ததில்லை. அதுவும் உண்மைதான்."

கீழே வந்து அறைக்குள் நுழையும்போது தலையை இடித்துக்கொண்டாள். பல வருடங்களில் முதல் தடவை.

அன்று பகல் முழுவதும் அவள் புதிய பதினான்காம் பாடத்தைத் தட்டச்சு செய்து, படங்களையும் சரியாக வெட்டினாள். கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மனம் மட்டும் ஒரே வட்டத்தில் சுற்றிற்று. பேசாமல் இருந்தால் ஜன்னல். ஒருவேளை சண்முகம் கடைசி நேரத்தில் சமன்பாட்டைப் பார்ப்பாரோ? பார்க்கலாம். பார்த்தாலும், பாடசாலையே குறியைச் சரிபார் என்று எழுதியபின், தன் கணக்கை நம்புவாரா? அவள் நம்பியிருக்க மாட்டாள். அச்சில் இருப்பதற்கும் தனக்கு வருவதற்கும் வித்தியாசம் வந்தால் தானே தவறு என்று நினைக்கிற ஜாதிதான் அவளும். கல்லூரிக்குப் போகாமல், யாரும் சொல்லித்தராமல், வேலைக்கு நடுவே படித்தவர்களுக்கு அந்தப் பயம் போகவே போகாது. அவரும் வால்வுக்கு நடுவே உட்கார்ந்துதான் இதைக் கற்றிருக்கிறார். சரியாகவும் கற்றிருக்கிறார்.

பிறகு வேறொரு பக்கமிருந்து யோசித்துப் பார்த்தாள். சண்முகத்துக்கு மட்டும் ரகசியமாக ஒரு கார்டு போட்டால்? மற்ற நாற்பத்திரண்டு பேர்? அவர்களில் எத்தனை பேர் கேட்காமலே மாற்றிக்கொண்டார்களோ? கேட்டவர்களை எண்ணிவிடலாம். கேட்காதவர்களை எப்படி எண்ணுவது? அதற்கு அவளிடம் கணக்கு இல்லை.

சனிக்கிழமை காலை அவள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் வந்தாள். விளக்கைப் போட்டாள். பிறைக்குப் பத்துப் புள்ளிகளை மறுபடி கணக்கிட்டாள், பழைய கணக்கைப் பார்க்காமல். டிரேசிங் தாளில் வரைந்தாள். தாளின் மேல் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு அம்பு போட்டு, மேல் என்று எழுதினாள். கண்ணாடியில் வைத்தாள். மெழுகுத் தாளை அதன்மேல் பரப்பினாள். வெளி வட்டத்தை நான்கு காலாகவும் உள் வட்டத்தை நான்கு காலாகவும் வெட்டினாள். நடுவே நிழலுக்காகச் சாய்கோடுகள், ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து ஒரே தூரத்தில். கடைசியில் அச்சின் பெயர்களை வெட்டும்போது மூலத்தை ஒரு முறை, அம்பை ஒரு முறை பார்த்தாள்.

படத்துக்குக் கீழே இங்கிலீஷில் வாசகம். அதை முந்தின நாள் பேருந்திலேயே மனசுக்குள் எழுதி முடித்திருந்தாள். பதினான்காம் பாடம், மூன்றாம் படம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. பிறை அச்சுக்குக் கீழே இருக்க வேண்டும். உங்கள் கணக்கில் மைனஸ் வந்திருந்தால் உங்கள் கணக்கே சரி. அதை மாற்ற வேண்டாம். இதைப் பற்றிக் கேட்டு, குறியைச் சரிபார்க்கச் சொல்லி அட்டை வந்திருந்தால் அந்த அட்டை தவறு. படத்தைத் திருப்பி வெட்டியதும் அட்டை அனுப்பியதும் நான்.

அடியில் எழுதுகோலால் கையெழுத்து வெட்டினாள். பதினோரு வருடத்தில் ஆயிரக்கணக்கான தாள் வெட்டியிருக்கிறாள். தன் பெயரை வெட்டியதில்லை. பெயருக்குப் பின் வைக்கிற புள்ளியில் சற்று அழுத்திவிட்டாள். தாள் பொத்துக்கொண்டது. பிழை அடைக்கிற சிவப்புத் திரவத்தைத் தூரிகையால் தொட்டு வைத்து, ஊதி, காயும்வரை காத்திருந்து, மறுபடி வெட்டினாள்.

மிஷின் அறையில் கோவிந்தப்பா உருளைக்கு மை தடவிக்கொண்டிருந்தார்.

"லெசன் ஃபோர்ட்டீனா அக்கா? கொடு, கொடு. சார் நேத்துலேந்து கேக்கறாரு."

"அது மேசைமேல இருக்கு. இதை முதல்ல போடுங்க."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அவள் பிடித்திருந்தபடியே தாளை வெளிச்சத்தில் பார்த்தார். இங்கிலீஷ் வாசகத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கீழே வந்ததும் நின்றார்.

"சார் சைன் எங்கக்கா?"

"இல்ல."

"உன் பேரு இருக்கு."

"ஆமா."

"அய்யய்யோ, ஏனக்கா இது?" அவர் குரலைத் தணித்தார். "அந்த பாலிடெக்னிக் லெட்டரு?"

"மேல சார்கிட்ட இருக்கு. அங்கியே இருக்கும்."

கோவிந்தப்பா கூரையைப் பார்த்தார். மாடியில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

"மிஷின் ஓட்டினா மேல கேக்கும்க்கா. என்ன அடிக்கறேன்னு எறங்கி வந்து பாப்பாரு."

"வரட்டும். நான் படிக்கு அடியிலதான் இருப்பேன், எங்கயும் போகல."

அவர் இன்னொரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார்.

"எஷ்டு?"

"நாப்பத்தி மூணு. முதல் காப்பி அத்திபெலேக்கு. ஒரு காப்பி கூடப் போடுங்க, சாருக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

மெழுகுத் தாளை மடங்காமல் வாங்க வேண்டும் என்றால் இரண்டு கையும் வேண்டும். கோவிந்தப்பா மை படாத விரல்களாகப் பார்த்து இரண்டு மேல் மூலைகளையும் பிடித்துக்கொண்டார். அவள் விட்டாள்.